சிங்கப்பூர் சிறு பட்டறையில் ஜிக், ஃபிக்ஸ்சர் வடிவமைப்பு வேலை: புதிதாகச் சேருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கோவை, ஓசூர், அம்பத்தூர் பக்கம் டூல் ரூமில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு சிங்கப்பூருக்குக் கிளம்பும் பிள்ளைகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. இருபது முப்பது பேர் வேலை செய்யும் பட்டறையை மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பெரிய கம்பெனியில் நடைமுறை வேறு மாதிரி இருக்கும்.

வடிவமைப்பாளர் என்று எடுக்கிறார்கள். அங்கே போனால் உண்மையில் என்ன வேலை?

உற்பத்தி நடக்கும்போது பொருளை ஒரே இடத்தில், ஒரே மாதிரி பிடித்து வைக்கிற சாதனத்தை வடிவமைப்பது. பொருளைப் பிடிப்பது ஃபிக்ஸ்சர். பிடிப்பதோடு டிரில்லுக்கு வழியும் காட்டினால் ஜிக். இவை தவிர அசெம்பிளி மேசையில் ஸ்க்ரூ போட உதவும் தாங்கி, பசை காயும்வரை இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்ப், அளவு சரியா என்று ஒரு நொடியில் காட்டும் கோ, நோ-கோ கேஜ், பாகங்களை அடுக்கும் ட்ரே என்று எல்லாமே உங்கள் தலையில்தான் வரும்.

சிறு பட்டறையில் வரைவதோடு வேலை முடியாது. கஸ்டமரிடம் போய் பாகத்தை அளந்து வருவீர்கள். விலை போட உதவுவீர்கள். ட்ராயிங் போட்டு, ஸ்க்ரூவும் பாகங்களை இடம் மாறாமல் நிறுத்தும் டோவல் பின்னும் ஆர்டர் செய்து, மெஷினிலிருந்து வந்த துண்டுகளை உங்கள் கையாலேயே பூட்டி, வேனில் ஏற்றி, கஸ்டமர் லைனில் வைத்து ஓட்டிக் காட்டிவிட்டு வருவீர்கள். டிசைனர் என்றால் ஏசி அறையும் கம்ப்யூட்டரும் மட்டும்தான் என்று நினைத்து வந்தவர்கள் முதல் மாதத்திலேயே சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இந்த வேலையில் பிடித்ததே அந்த முழு ஓட்டம்தான். காலையில் வரைந்தது அடுத்த வாரம் யாரோ ஒருவர் கையில் இயங்குவதைப் பெரிய கம்பெனி டிசைனர் பார்ப்பது அபூர்வம்.

சிங்கப்பூரில் இன்னும் இந்த மாதிரிப் பட்டறைகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. காக்கி புக்கிட், உபி, அங் மோ கியோ, உட்லண்ட்ஸ், துவாஸ் பக்கம் போனால் அடுக்குமாடித் தொழிற்பேட்டைகளில் மாடிக்கு மாடி சிஎன்சி சத்தம் கேட்கும்.

இதற்குப் பின்னால் அறுபது வருடத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. 1961-இல் பொருளாதார வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார்கள். 1968-இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் வந்தது. தொழிற்சாலைகள் வந்த வேகத்துக்கு டூல்மேக்கர்கள் கிடைக்கவில்லை. அப்போது அரசோடு கைகோத்து முதல் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது நம் ஊர் டாடா நிறுவனம், 1972-இல். அடுத்து ஜெர்மனியின் கேமரா நிறுவனம் ரோலை, நெதர்லாந்தின் ஃபிலிப்ஸ். அந்தப் பயிற்சி நிலையங்களில் தொழில் கற்றவர்களில் பலர் பின்னாளில் சொந்தப் பட்டறை வைத்தார்கள். உங்கள் முதலாளியோ அவருடைய குருவோ அந்த வழியில் வந்தவராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

லட்சக்கணக்கில் ஒரே பொருளைச் செய்யும் வேலைகள் பெருமளவு மலேசியாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் போய்விட்டன. செமிகண்டக்டர் இயந்திர பாகம், விமான பாகம், மருத்துவக் கருவி என்று எண்ணிக்கை குறைந்த, வகை அதிகமான வேலைதான் இங்கே தங்கியிருக்கிறது. வகை அதிகம் என்றால் ஒவ்வொரு ஆர்டருக்கும் புதிதாக ஒரு ஃபிக்ஸ்சர் தேவை. உங்களுக்கு வேலை இருப்பது அதனால்தான்.

என்ன பாஸ் கிடைக்கும்? சம்பளம் எவ்வளவு?

டிப்ளமோ அல்லது பட்டத்தோடு கொஞ்சம் அனுபவமும் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் எஸ் பாஸ்தான், அதாவது நடுத்தரத் திறன் ஊழியருக்கான வேலை அனுமதி. 2025 செப்டம்பர் முதல் புதிய எஸ் பாஸ் விண்ணப்பத்துக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வயது கூடக்கூட அந்த வரம்பும் உயரும். உயர்நிலைப் பணியாளருக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025-இல் 5,600 வெள்ளியில் தொடங்கியது. சிறு பட்டறையில் புதிதாக வருபவருக்கு அது கிடைப்பது கடினம். இந்த வரம்புகளை அரசு அவ்வப்போது உயர்த்துகிறது. ஆகவே விண்ணப்பிக்கும் மாதத்தில் மனிதவள அமைச்சின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். உற்பத்தித் துறையில் ஒரு கம்பெனியின் மொத்த ஆட்களில் 15 சதவீதம் வரைதான் எஸ் பாஸில் இருக்கலாம். இருபது பேர் உள்ள பட்டறை என்றால் மூன்று பேர். அந்த மூன்று இடத்தில் ஒன்றை உங்களுக்குத் தருகிறார்கள், உங்களுக்காக அரசுக்கு மாதம் 650 வெள்ளி லெவியும் (வெளிநாட்டு ஊழியருக்கான வரி) கட்டுகிறார்கள். முதலாளி உங்களிடம் எல்லா வேலையையும் எதிர்பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த லெவி முழுக்க முழுக்க அவர் செலவு. உங்கள் சம்பளத்தில் அதைப் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை.

குடும்பத்தைக் கூட்டிவரும் பாஸுக்கு உங்கள் மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருக்க வேண்டும். இதைக் கிளம்பும் முன்பே வீட்டில் பேசிவிடுங்கள்.

ஏஜென்ட் நான்கு லட்சம், ஐந்து லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்சி உங்களிடம் வாங்கக்கூடியது வேலை ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். வேலை தருவதற்காக முதலாளியே உங்களிடம் பணம் வாங்கினால் அது சிங்கப்பூரில் குற்றம். ஊரில் நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தவர் முதல் இரண்டு வருடம் அந்தக் கடனுக்காகவே உழைக்கிறார். பிடிக்காத இடத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதாகிவிடுகிறது.

பாஸுக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் கிடைத்ததும் ஒரு கடிதம் வரும். ஐபிஏ என்பார்கள். அதில் கம்பெனி பெயர், அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் இருக்கும். அந்தக் கடிதம் கைக்கு வந்து, உங்களிடம் வாயால் சொன்ன தொகையும் அதில் உள்ள தொகையும் ஒன்றா என்று பார்த்த பிறகுதான் டிக்கெட் போட வேண்டும். விண்ணப்பம் உண்மையா என்று மனிதவள அமைச்சின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். அனுபவச் சான்றிதழில் வருடத்தைக் கூட்டிப்போடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பொய்த் தகவல் கொடுத்ததற்கான தண்டனை உங்கள் மேல்தான் விழும்.

எந்த சாஃப்ட்வேர் தெரிய வேண்டும்?

சாலிட்வொர்க்ஸ் தெரிந்தால் போதும். ஆட்டோகேட் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது, பழைய ட்ராயிங்குகள் அதில்தான் இருக்கும். சாஃப்ட்வேரை இரண்டு வாரத்தில் பழகிக்கொள்ளலாம். வெர்னியர், மைக்ரோமீட்டர், ஹைட் கேஜ், டயல் இவற்றைச் சரியாகப் பிடித்து அளக்கத் தெரியாவிட்டால்தான் சிரமம். நேர்முகத் தேர்வில் ஒரு பாகத்தைக் கையில் கொடுத்து இதை அளந்து வரையுங்கள் என்று சொல்கிற முதலாளிகள் உண்டு.

முதல் சில வாரங்களில் என்ன செய்ய வேண்டும்?

ஷாப் ஃப்ளோரில் நில்லுங்கள். மெஷின் ஓட்டுபவர் பக்கத்திலும் அசெம்பிளி செய்பவர் பக்கத்திலும் நின்று அவர்கள் கையைப் பாருங்கள். எந்தக் கையால் பாகத்தை எடுக்கிறார், எந்தக் கையால் கிளாம்பை மூடுகிறார், எந்த இடத்தில் ஒரு நொடி தயங்குகிறார், எதற்குப் பிறகு ஏர் கன் எடுத்து ஊதுகிறார், எங்கே ரப்பர் சுத்தியலால் தட்டுகிறார்? தட்டுகிறார் என்றால் அங்கே ஏதோ இறுக்கமாக இருக்கிறது. ஃபிக்ஸ்சர் மேல் மார்க்கரில் கோடு போட்டு வைத்திருக்கிறார் என்றால் அந்த இடத்தில் அவருக்கு வழிகாட்டல் போதவில்லை. டேப் ஒட்டியிருந்தால் பாகத்தில் கீறல் விழுகிறது. ஓரமாகக் கிடக்கும் ஃபிக்ஸ்சரைப் பற்றியும் கேளுங்கள்: அதை ஏன் யாரும் எடுப்பதில்லை?

இதை நான் வேறு எதையும் விட அழுத்திச் சொல்வேன். ட்ராயிங்கில் உங்கள் பெயர் இருக்கும், பில் கஸ்டமர் பெயரில் போகும். அந்தச் சாதனத்தை ஒரு நாளைக்குச் சில நூறு முறை திறந்து மூடுகிறவர் பெயரோ எங்கும் இருக்காது. அவருக்கு வசதியாக இல்லாத ஃபிக்ஸ்சர், அளவெல்லாம் மைக்ரான் சுத்தமாக இருந்தாலும், ஒரு மாதத்தில் அலமாரிக்கு அடியில் போய்விடும். பர்மா, வங்காளதேசம், பிலிப்பைன்ஸ், மலேசியா, நம் ஊர் என்று பல இடத்து ஆட்கள் இருப்பார்கள். நம் ஊர்க்காரர் என்றால் அண்ணே என்று போய் உட்கார்ந்துவிடலாம். மற்றவர்களிடம் ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து, "எது கஷ்டமாக இருக்கிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள். வாயால் சொல்ல வராதவர்கூட செய்து காட்டிவிடுவார்.

ட்ராயிங் ஊரில் போட்ட மாதிரியே போடலாமா?

கவனம் தேவை. நாம் கல்லூரியில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறையில் படித்தோம். ஜப்பானிய, அமெரிக்க கஸ்டமர்களின் ட்ராயிங் தேர்ட் ஆங்கிளில் இருக்கும், இங்குள்ள பட்டறைகள் பெரும்பாலும் அதையே பின்பற்றுகின்றன. வலப்பக்கத்திலிருந்து பார்க்கும் தோற்றம் ஃபர்ஸ்ட் ஆங்கிளில் இடப்பக்கம் வரும், தேர்ட் ஆங்கிளில் வலப்பக்கமே வரும். பழக்க தோஷத்தில் மாற்றிப் படித்தால் பாகம் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிப்போகும். டைட்டில் பிளாக்கில் உள்ள கூம்புக் குறியை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் மற்றதைப் படியுங்கள்.

அங்குல அளவும் வரும். அமெரிக்க இயந்திரங்களில் கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 20 திரெட் உள்ள ஸ்க்ரூ மிக சாதாரணம். பார்க்க எம்6 (6 மி.மீ. மெட்ரிக் ஸ்க்ரூ) மாதிரியே இருக்கும். எம்6 ஸ்க்ரூ அந்த ஓட்டையில் லூஸாக இறங்கும், இறுக்கும்போது திரெட்டைக் கெடுத்துவிடும். திரெட் இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ் வைத்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

முதல் ஃபிக்ஸ்சரை எங்கிருந்து யோசிக்கத் தொடங்குவது?

பாகம் எந்தத் திசையிலெல்லாம் நகர முடியும் என்பதிலிருந்து. முன்-பின், இட-வலம், மேல்-கீழ் என்று மூன்று நகர்வு, அந்த மூன்று அச்சிலும் ஒவ்வொரு சுழற்சி, ஆக ஆறு. இந்த ஆறையும் ஆறு புள்ளிகளால் நிறுத்துவதுதான் 3-2-1 முறை.

120 மி.மீ. நீளம், 80 மி.மீ. அகலம் உள்ள ஒரு அலுமினிய வார்ப்பில் நான்கு ஓட்டை போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அடியில் மூன்று தாங்கு பொத்தான்கள், முடிந்த அளவு தள்ளித் தள்ளி. நீளப் பக்கத்தில் இரண்டு பின். அகலப் பக்கத்தில் ஒரு பின். அவ்வளவுதான், பாகத்துக்கு உட்கார ஒரே ஒரு நிலைதான் இருக்கும். கிளாம்ப் இந்தப் புள்ளிகளை நோக்கித் தள்ள வேண்டும். மேலிருந்து அழுத்தும் கிளாம்ப் அந்த மூன்று பொத்தான்களுக்கு நடுவே உள்ள முக்கோணத்துக்குள் அழுத்த வேண்டும், வெளியே அழுத்தினால் பாகம் எகிறும். டிரில்லோ கட்டரோ தள்ளும் விசையையும் பின்கள் தாங்கட்டும். அந்த வேலையைக் கிளாம்பிடம் விடாதீர்கள்.

அடியில் ஏன் மூன்று, நான்கு வைத்தால் இன்னும் உறுதியாக இருக்காதா என்று எல்லோரும் கேட்பார்கள். வார்ப்பு போன்ற கரடுமுரடான பரப்பில் நான்காவது புள்ளி தொடாது, பாகம் ஆடும், கிளாம்ப் போட்டதும் வளையும். ஆனால் மேசையில் வைத்து எடுக்கிற டிரில் ஜிக்கின் கால்கள் மட்டும் நான்காக இருக்கட்டும். மேசை சீராக இருப்பதால் நான்கும் தொடும். ஏதாவது ஒரு காலுக்கு அடியில் சிப் (வெட்டும்போது விழும் உலோகத் துணுக்கு) மாட்டினால் ஜிக் ஆடிக் காட்டிக்கொடுக்கும். மூன்று கால் என்றால் சத்தமில்லாமல் சாய்ந்து உட்கார்ந்துவிடும், ஓட்டையும் சாய்ந்து விழும்.

பாகத்தில் ஏற்கெனவே இரண்டு துல்லியமான ஓட்டைகள் இருந்தால் அவற்றையே பிடித்துக்கொள்வது சுலபம். ஒன்றில் உருண்டைப் பின், மற்றதில் டைமண்ட் பின், அதாவது இரு பக்கமும் வெட்டிய பின். இரண்டிலும் உருண்டையைப் போட்டால், ஓட்டைகளுக்கு நடுவிலுள்ள தூரம் கொஞ்சம் கூடக் குறைய உள்ள பாகம் உள்ளே இறங்காது. டைமண்ட் பின்னின் வெட்டிய பக்கங்கள் இரண்டு ஓட்டைகளையும் சேர்க்கும் கோட்டின் திசையில் இருக்க வேண்டும். அசெம்பிளியில் இதைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள், ட்ராயிங்கில் தெளிவாகக் குறியுங்கள். இரண்டு பின்களில் ஒன்றைச் சில மி.மீ. உயரமாக வையுங்கள். முதலில் ஒன்று நுழையும், பிறகு அதைச் சுற்றித் திருப்பி மற்றதில் இறக்கலாம். ஒரே உயரத்தில் இருந்தால் இரண்டு ஓட்டையையும் ஒரே நேரத்தில் குறிபார்க்க வேண்டும், நாள் முழுக்க அதைச் செய்கிறவருக்கு மணிக்கட்டு வலிக்கும்.

மூலைகளை மறந்துவிடாதீர்கள். முந்தைய ஆபரேஷனின் பிசிறு பாகத்தின் விளிம்பில்தான் இருக்கும். ஃபிக்ஸ்சரின் உள்மூலையில் ஒரு பள்ளம் விட்டால் பிசிறும் சிப்பும் அதில் போய்விடும். டிரில்லுக்கு வழிகாட்டும் குழாயான டிரில் புஷ்ஷுக்கும் பாகத்துக்கும் நடுவே டிரில் விட்டத்தில் பாதி முதல் ஒரு மடங்கு வரை இடைவெளி விடுங்கள், சிப் வெளியேற.

எல்லா அளவுக்கும் நெருக்கமான டாலரன்ஸ் (அளவு கூடக் குறைய விடும் வரம்பு) போட்டால் பாதுகாப்புதானே?

இல்லை, அது முதலாளியின் பணம். பாகத்தின் டாலரன்ஸில் மூன்றில் ஒரு பங்கை ஃபிக்ஸ்சருக்குக் கொடுத்தால் பெரும்பாலான வேலைக்குப் போதும். பாகத்துக்குக் கூட்டல் கழித்தல் 0.1 என்றால் பின்களின் இடத்துக்கு 0.03. அளவு பார்க்கும் கேஜ் என்றால் பத்தில் ஒரு பங்கு. மற்ற வெளி விளிம்புகளுக்கெல்லாம் அரை மி.மீ. கூடினாலும் ஒன்றும் ஆகாது.

ஓட்டையும் பின்னும் எவ்வளவு இறுக்கமாகச் சேரும் என்பதை எச்7, ஜி6 போன்ற குறிகளால் சொல்வார்கள். இந்தப் பொருத்தங்களில் இரண்டு மூன்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 10 மி.மீ. எச்7 ஓட்டை 10.000 முதல் 10.015 வரை. அதில் நுழைந்து வெளிவரும் ஜி6 பின் 9.986 முதல் 9.995 வரை. ஆக இடைவெளி 5 முதல் 29 மைக்ரானுக்குள் (ஒரு மி.மீ.-க்கு ஆயிரம் மைக்ரான்) இருக்கும். நிரந்தரமாக அடித்து இறக்கும் டோவல் எம்6 பொருத்தத்தில் 10.006 முதல் 10.015 வரை. இங்கே எம்6 என்பது ஸ்க்ரூ அளவு அல்ல, புதிதாக வருகிறவர்கள் இதில் குழம்புகிறார்கள். டோவல் ஓட்டையை அடிவரை துளைத்து விடுங்கள். அப்போதுதான் பின்னால் பழுது பார்க்கிறவர் அடியிலிருந்து தட்டி எடுக்க முடியும்.

எந்த மெட்டீரியல் எடுப்பது?

தட்டுக்கு அலுமினியம் 6061 அல்லது எஸ்50சி எஃகு. தேயும் பின்களுக்கும் பொத்தான்களுக்கும் எஸ்கேடி11 டூல் ஸ்டீல், கடினப்படுத்தி 58 முதல் 60 எச்ஆர்சி (கடினத்தன்மை அளவு). கீறல் படக்கூடாத இடத்தில் பிஓஎம் பிளாஸ்டிக். எலக்ட்ரானிக்ஸ் போர்டைத் தொடும் இடத்தில் சாதாரண பிளாஸ்டிக் ஆகாது, நிலைமின்சாரத்தைக் கடத்திவிடும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அலுமினியத்தில் அடிக்கடி கழற்றி மாட்டும் ஸ்க்ரூ இருந்தால் ஹெலிகாயில் (ஓட்டைக்குள் வைக்கும் கம்பிச்சுருள் திரெட்) போடுங்கள்.

அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் ஏற்றும் அனோடைசிங்கில் ஒரு பொறி இருக்கிறது. ஹார்டு அனோடைஸ் 50 மைக்ரான் தடிமன் என்றால் அதில் ஏறக்குறைய பாதி வெளியே வளரும், பாதி உள்ளே போகும். ஓட்டையில் இரண்டு பக்கமும் 25 சேர்ந்து விட்டம் 50 மைக்ரான் சுருங்கிவிடும். 10 மி.மீ. எச்7 ஓட்டையின் மொத்த டாலரன்ஸே 15 மைக்ரான்தான். அந்த ஓட்டைகளை மூடி வைத்து அனோடைஸ் செய்யச் சொல்லி ட்ராயிங்கிலேயே எழுதிவிடுங்கள்.

கிளாம்ப், ஸ்பிரிங் பிளஞ்சர், பின், பொத்தான் எல்லாம் மிசுமி போன்ற கேட்டலாகில் ரெடிமேடாகக் கிடைக்கும். அதை முதலில் தேடிவிட்டு, கிடைக்காததை மட்டும் வரையுங்கள்.

பட்டறையில் சரியாக இருந்தது, கஸ்டமர் அளவு பார்த்தால் தவறு என்கிறார். ஏன்?

பெரும்பாலும் வெப்பம். அளவியல் உலகம் முழுக்க 20 டிகிரி செல்சியஸை அடிப்படையாகக் கொண்டது. சிங்கப்பூர் பட்டறையில் மதியம் 31 டிகிரி இருக்கும். அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் நீளும். 300 மி.மீ. அலுமினியத் தட்டு 11 டிகிரி வித்தியாசத்தில் சுமார் 76 மைக்ரான் நீண்டிருக்கும். எஃகு அதில் பாதி. கஸ்டமரின் ஏசி அளவு அறைக்குப் போனதும் அது சுருங்கிக் காட்டும். ஆகவே நெருக்கமான அளவுள்ள ஃபிக்ஸ்சரை உங்கள் அளவு அறையில் ஒரு இரவு வைத்துவிட்டுக் காலையில் அளந்து, அந்த ரிப்போர்ட்டில் வெப்பநிலையையும் எழுதி அனுப்புங்கள்.

3டி பிரிண்டர் இருக்கும்போது இவ்வளவு மெஷினிங் தேவையா?

முயன்று பார்க்க அது அருமையான சாதனம். கை வைக்கும் இடம், பாகம் உட்காரும் விதம், கிளாம்ப் திறக்கும் இடைவெளி இதையெல்லாம் ஒரு ராத்திரியில் பிரிண்ட் செய்து காலையில் ஆபரேட்டர் கையில் கொடுத்துவிடலாம். அவர் சொல்கிற திருத்தத்தைச் செய்துவிட்டு அப்புறம் உலோகத்தில் வெட்டினால் செலவு மிச்சம். ஆனால் பிரிண்டரில் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி பக்கத்திலேயே இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய வேனுக்குள் வைத்தாலே வளைந்துபோகும். பின்னும் புஷ்ஷும் உலோகமாகவே இருக்கட்டும்.

பாகத்தைத் திருப்பி மாட்டிவிடுகிறார்கள் என்று புகார் வந்தால்?

ஆபரேட்டரைக் குறை சொல்லாதீர்கள், திருப்பி மாட்ட முடியாதபடி வடிவமையுங்கள். டொயோட்டாவோடு பணியாற்றிய ஷிகியோ ஷிங்கோ 1960-களில் பரப்பிய போக்கா-யோக்கே முறையின் உயிர்நாடியே இதுதான். பாகத்தில் சமச்சீர் இல்லாத ஏதாவது ஒன்று இருக்கும், ஒரு மூலைச் சாய்வு, ஒரு கூடுதல் ஓட்டை. தவறான பக்கம் வைத்தால் அந்த இடத்தில் முட்டுகிற மாதிரி ஒரு சிறு பின் போதும். ஒரு பின்னின் விலை சில வெள்ளி. முட்டியதும் அவருக்கே தெரிந்துவிடும், எச்சரிக்கைப் பலகை ஒட்ட வேண்டியதில்லை. பாகம் முழுக்கச் சமச்சீராக இருந்தால் எந்தப் பக்கம் வைத்தாலும் சரிதானே, அதையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் வடிவமைப்பாளருக்கு என்ன பொறுப்பு?

நிறைய. காற்றழுத்தத்தில் இயங்கும் நியூமேடிக் கிளாம்ப் போட்டால் விரல் எங்கே மாட்டும் என்று முதலில் பாருங்கள். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் இயங்கும் பட்டன் வைக்கலாம், அல்லது இடைவெளியையே விரல் நுழையாத அளவுக்குக் குறைக்கலாம். காற்று போய்விட்டால் கிளாம்ப் திறந்துகொள்ளுமா, பிடித்துக்கொண்டே இருக்குமா? சுழலும் கட்டர் பக்கத்தில் என்றால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விளிம்பெல்லாம் சாம்ஃபர் செய்திருக்க (கூர்மை போகச் சாய்வாக வெட்டியிருக்க) வேண்டும். ஒருவர் தூக்க முடியாத எடை என்றால் தூக்குவதற்கான வளையம் உள்ள ஐபோல்ட்டுக்குத் திரெட் போடுங்கள், எடையைத் தட்டிலேயே பொறியுங்கள். முதலாளி அவசரம் என்றாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இன்னொருவர் விரல் அது.

மொழிப் பிரச்சினை வருமா?

தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆனால் பட்டறைக்குள் ஆங்கிலமும் சீனமும்தான் ஓடும். மூத்த மெஷினிஸ்டை அங்கிள் என்று கூப்பிடுங்கள். முப்பது நாற்பது வருடம் இரும்போடு வாழ்ந்தவர்கள் அவர்கள். ஆங்கிலம் குறைவாகப் பேசினாலும் உங்கள் ட்ராயிங்கைப் பார்த்ததும் எந்த மூலைக்குக் கட்டர் போகாது என்று விரலை வைத்துக் காட்டுவார்கள். வரைந்து முடிக்கும் முன் அவர்களிடம் காட்டுவது உங்களுக்குத்தான் லாபம். பேச வராத இடத்தில் பென்சிலால் முப்பரிமாணப் படம் கிறுக்கிக் காட்டப் பழகுங்கள். எல்லா நாட்டுக்காரருக்கும் அது புரிகிறது.

முதலாளி ஏதாவது கேட்டால் யோசிக்காமல் முடியும் என்று சொல்லிவிடாதீர்கள். "நாளைக் காலை பார்த்துச் சொல்கிறேன், பாஸ்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி காலையில் போய் நில்லுங்கள்.

ஓவர்டைம் கிடைக்குமா? உடம்பு சரியில்லை என்றால்?

சட்டப்படி ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு. ஆனால் அது எல்லோருக்கும் இல்லை. அலுவலக வகைப் பணியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளிக்குள் இருந்தால்தான், உடலுழைப்புப் பணியாளருக்கு 4,500 வெள்ளிக்குள். வடிவமைப்பாளர்கள் பலர் இந்த வரம்புக்கு வெளியே இருப்பார்கள். ஆகவே ஓவர்டைம் பற்றி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். சம்பள மாதம் முடிந்து 7 நாளைக்குள் சம்பளம் வர வேண்டும், விவரமான சம்பளச் சீட்டும் தர வேண்டும். எஸ் பாஸ் ஊழியருக்கு முதலாளி மருத்துவக் காப்பீடு எடுப்பது கட்டாயம், வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு. வேலையில் காயம்பட்டால் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அன்றே சொல்லிப் பதிவு செய்யுங்கள். சம்பளம் தொடர்பான புகாரை வேலையில் இருக்கும்போது ஓராண்டுக்குள் எழுப்பலாம், விலகிவிட்டால் 6 மாதத்துக்குள்.

வேறு பட்டறைக்கு மாறலாமா? நான் வரைந்ததை எடுத்துப் போகலாமா?

மாறலாம். புதிய கம்பெனி உங்களுக்குப் புதிதாக எஸ் பாஸ் விண்ணப்பிக்க வேண்டும், ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலத்தை நீங்கள் முடிக்க வேண்டும். புதிய பாஸுக்கான ஐபிஏ கடிதம் வருவதற்குமுன் ராஜினாமா கொடுத்துவிடாதீர்கள்.

ட்ராயிங்கை எடுத்துப் போகக் கூடாது. அது கம்பெனிக்கும் கஸ்டமருக்கும் சொந்தம், ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். பென் டிரைவில் ஒரு ஃபைல் போனாலும் சிக்கல்தான், சிறிய ஊர் அது, பட்டறைக்காரர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். அதற்குப் பதில் கம்பெனிப் பெயரோ கஸ்டமர் பெயரோ பாகத்தின் அளவோ இல்லாமல் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள்: மெல்லிய தகட்டை வளையாமல் பிடித்தது எப்படி, எந்தக் கிளாம்ப் சீக்கிரம் தேய்ந்தது, எந்த யோசனையை ஆபரேட்டர் வேண்டாம் என்றார், ஏன் என்றார். அடுத்த நேர்முகத் தேர்வில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து இந்தப் பாகத்தை எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்பார்கள். அப்போது அந்த நோட்டில் எழுதியதுதான் கை வழியாக வரும்.